மேலுமலை வழியே மார்கழி வலசை: நாயை முன்னிட்டு ஓர் ஆய்வேடு

வலசையைப் பற்றி எழுதியவர்களுக்குக் குறைவில்லை. மங்கோலியாவில் புறப்பட்டு இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளத்தில் வந்து இறங்கும் வரித்தலை வாத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். பனிக்கு அஞ்சிக் கனடாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போகும் முதியவர்களைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். ஓசூர் அட்கோவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஒரு நாயோடும் இரண்டு குரங்குக் குல்லாவோடும் கிளம்பி, மேலுமலைக் கணவாய் இறங்கி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய் மாசி வரை தங்கிவிட்டு வரும் ஓய்வுபெற்ற தம்பதியைப் பற்றி மட்டும் எந்தப் பல்கலைக்கழகமும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மொத்தத் தூரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். இவ்வளவு குறுகிய பயணத்தை வலசை என்று ஏற்க முடியாதென்று பறவையியலார் வாதிடலாம். அவர்கள் மார்கழி அதிகாலையில் ஓசூரில் பல் துலக்கியதில்லை.

இந்த ஆய்வேட்டின் கருதுகோள் ஒன்றுதான். வலசையைத் தொடங்கி வைப்பது முழங்கால். ஆனால் எங்கே போவது, எதில் போவது, எத்தனை நாள் தங்குவது, எந்த வீட்டில் தங்குவது, காலையில் எத்தனை மணிக்கு எழுவது ஆகிய ஐந்தையும் தீர்மானிப்பது நாய். கணவனும் மனைவியும் தாங்களே முடிவெடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நினைப்பைக் கலைப்பது ஆய்வின் நோக்கமல்ல.

எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு தம்பதியும் ஒரு நாயும். உண்மையில் ஒரே வீட்டார் அல்லர். அட்கோவிலும் மத்திகிரியிலும் பாகலூர் சாலையிலும் உள்ள பல வீடுகளைக் கலந்து பிடித்த உருண்டை. அய்யா சிப்காட்டில் ஒரு வாகன ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த ஊர் காவேரிப்பட்டணம். மகன் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில், மகள் சென்னை வேளச்சேரியில். நாய் லேப்ரடார், வயது ஏழு. மாதிரியின் அளவு போதாதென்று புள்ளியியலார் குறைப்படுவார்கள். நாயின் எடை முப்பத்தெட்டு கிலோ. ஒரு கட்டுரைக்கு அது போதும்.

முழங்காலின் புவியியல்

ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். கிருஷ்ணகிரி 500 மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அதைத் திருப்பிப் போட்டால், நானூறு மீட்டர் இறங்கினால் இரண்டரை டிகிரி கூடும். சூளகிரி தாண்டி மேலுமலையில் வண்டி வளைந்து இறங்கும் அந்தச் சில நிமிடங்களில் தம்பதிக்குக் கிடைப்பது அந்த இரண்டரை டிகிரிதான். இதற்காகவா ஒரு குடும்பம் பெயரும் என்று மகன் கேட்கிறான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. அறுபதைத் தாண்டிய முழங்காலைப் பொறுத்தவரை, மொட்டைமாடிக்குப் போய்த் துணி காயப்போடுவதா, கொடியைக் கீழேயே கட்டிக்கொள்வதா என்பதை அந்த இரண்டரை டிகிரி தீர்மானிக்கிறது.

வெள்ளைக்காரர்கள் இதே குளிரை ரசித்தவர்கள். தளி வட்டாரத்தைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொண்டாடினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குதிரைகளுக்காக மத்திகிரியில் 1824-ல் தொடங்கிய பண்ணை இன்றும் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. குதிரைக்கும் துரைக்கும் ஒத்துக்கொண்ட சீதோஷ்ணம் ஃபிட்டருக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துரைகள் ஓய்வு பெற்றதும் கப்பலேறிவிட்டார்கள். ஓசூரில் கிழவனாகும் சோதனை அவர்களுக்கு வரவில்லை.

அந்தச் சோதனைக்கு உள்ளான முதல் பெருங்கூட்டம் சிப்காட் தலைமுறை. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. 1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலையை இங்கே வைத்து, பள்ளி முடித்த பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து வேலைக்குச் சேர்த்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-ல்தான். அதற்கு முன் எல்லாம் பழைய தர்மபுரி மாவட்டம். அதன் சமவெளி ஊர்களிலிருந்து இருபது வயதில் மேலுமலை ஏறியவர்களுக்கு இன்று அறுபதும் அதற்கு மேலும். ஏறியது சம்பளத்துக்கு, இறங்குவது வெயிலுக்கு. இடையில் நாற்பது ஆண்டு கழிந்திருக்கிறது. ஆனால் இறங்கும்போது கூட ஒரு நாய் வருகிறது. ஏறும்போது அது இல்லை. ஆய்வாளரின் கவனம் விழ வேண்டிய இடம் அதுதான்.

வேறெங்காவது போகலாமே என்பார்கள். மகன் வீட்டுக்கு? பெங்களூர் ஓசூரைவிடக் கொஞ்சம் உயரமே தவிரக் குறைவில்லை. 1884 ஜனவரியில் அங்கே 7.8 டிகிரி வரை இறங்கியது. அதுவே இன்றுவரை அந்நகரின் சாதனைக் குளிர். ஓசூர்க் குளிருக்குத் தப்ப எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போவது பொருளாதார ரீதியாகவும் பயனற்றது. பேரனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கூடுதலாகச் சேரும். மகள் வீட்டுக்கு? வெயில் உண்டு. ஆனால் டிசம்பர்ச் சென்னை வெயிலோடு நிறுத்திக்கொள்வதில்லை. 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் வரவுகள்தான். வேளச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தவிர, அங்கே வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். மகள் குடியிருப்பது நான்காம் மாடி. நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாதென்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாதென இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சுற்றறிக்கை சங்கத்தைக் கட்டுப்படுத்தும். லிஃப்டில் கூட வரும் பக்கத்து வீட்டம்மாளின் பார்வையைக் கட்டுப்படுத்தாது.

நாய் இல்லாத தம்பதி இத்தனையையும் சகித்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போய்விடும். நாய் இருக்கும் தம்பதி மேலுமலை இறங்கியதும் நின்றுவிடும்.

கருதுகோளுக்குப் பாதகமான சான்றை மறைப்பது அறமன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் புகுந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகள் ஏரித் தண்ணீரில் உருண்டு போயின. அந்த ஆண்டு மாதிரித் தம்பதி புறப்படுவதை ஒத்திவைத்தது. நாய்க்கு இடியென்றால் ஆகாது.

முன்னோர் ஆய்வுகள்

ஓய்வுபெற்ற குடும்பம் நாயோடு நெடும்பயணம் போனதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று பாரதத்தில் இருக்கிறது. பட்டத்தைப் பரீட்சித்திடம் ஒப்படைத்துவிட்டு, தருமனும் தம்பிகளும் திரௌபதியும் இமயம் நோக்கி நடந்தார்கள். கூடவே ஒரு நாய். குளிரைத் தேடிப் போனார்கள் என்பதால் திசை நமக்கு எதிர். ஆனாலும் முறையியல் ஒன்றே. ஒவ்வொருவராக விழ, கடைசியில் மிஞ்சியது தருமனும் நாயும். இந்திரன் தேரோடு வந்தான். நாய்க்கு இடமில்லை என்றான். வளர்ப்புப் பிராணிகளுக்குப் போக்குவரத்தில் விதிக்கப்பட்ட முதல் தடை இதுவாக இருக்கலாம். நாய் இல்லாமல் ஏறமாட்டேன் என்று தருமன் தரையிலேயே நின்றுகொண்டான். மனைவியும் தம்பிகளும் விழுந்தபோது திரும்பிப் பார்க்காதவன் நாய் விஷயத்தில் சொர்க்கத்தையே தள்ளிவைத்ததை, நாய் வளர்க்கும் ஆண்களின் மனைவிமார் இயல்பான நடத்தையாகவே கருதுகிறார்கள்.

நிலத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பகுதி நடுகற்களின் நாடு. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் பட்டான். அவனோடு நின்ற கோவிவன் என்ற நாய் கள்வர் இருவரைக் கடித்தது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதற்குச் சளைக்கவில்லை. மண்டியா மாவட்டம் ஆத்தகூரில் கி.பி. 949-ஐ ஒட்டி எழுந்த கல், காளி என்ற வேட்டை நாய் காட்டுப்பன்றியோடு மோதி இரண்டும் மடிந்ததைச் சொல்கிறது. அந்தக் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில். ஆக, ஓசூரிலிருந்து தெற்கே போனாலும் வடக்கே போனாலும் பேரோடு ஒரு நாய் கல்லில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இரு மாநிலத்தாரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றாவது இருக்கிறதே என்று காவிரித் தீர்ப்புகளைப் படித்தவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

மாதிரி நாயின் வீரம் வேறு வகை. குப்பை வண்டியின் பாட்டு கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதைக் கல்லில் வெட்ட ஆள் கிடைக்காது. ஆனாலும் அது ஊரில் இல்லாதபோது வீடு காவலற்றுப் போகிறது என்ற நம்பிக்கை தெருவில் நிலவுகிறது. ஆகவே அய்யா பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார். நாயை விட்டுப் போனால் நாய்க்குத் துணை இல்லை, கூட்டிப் போனால் வீட்டுக்குத் துணை இல்லை. கருந்தேவக்கத்திக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. அவன் தனிவீட்டுக்கடன் கட்டியவன் அல்லன்.

மூவரில் யாருக்கு வயது அதிகம்

நாயின் ஓர் ஆண்டு மனிதருக்கு ஏழு ஆண்டு என்ற பழைய கணக்கை ஆராய்ச்சி உலகம் கைவிட்டுவிட்டது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் 104 லேப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு வரும் மாற்றங்களை மனிதருடையதோடு ஒப்பிட்டு, 2020-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை கண்டு, அதைப் பதினாறால் பெருக்கி, முப்பத்தொன்றைக் கூட்ட வேண்டும். மாதிரி நாயின் வயது ஏழு. கணக்குப் போட்டால் வருவது 62. அய்யாவுக்கு அறுபத்து மூன்று, அம்மாவுக்கு அறுபத்தொன்று. அதாவது அந்த வீட்டில் ஓய்வுபெற்ற முதியவர்கள் மூவர். பஞ்சப்படி இருவருக்கும் இல்லை, மூன்றாமவர் கேட்டதும் இல்லை.

சான்றிதழ் விஷயத்திலும் மூவரும் ஒரே நிலையில்தான். அய்யா உயிரோடிருப்பதை ஆண்டுக்கொரு முறை வாழ்நாள் சான்றிதழ் கொடுத்து நிரூபிக்க வேண்டும். விரல்ரேகை வைத்துக் கணினியிலேயே கொடுக்கும் முறை 2014 நவம்பரில் வந்தது. இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும். நாய்க்கு ஆண்டுக்கொரு முறை வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. இரண்டும் கைக்கு வந்த பிறகே பெட்டி கட்டுகிறார்கள். அய்யாவின் சான்று கைபேசியில் எங்கேயோ இருக்கிறது. நாயின் சான்று பிளாஸ்டிக் உறையிட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது.

உடலியல் பக்கம் வந்தால் ஒரு முரண். நாயின் இயல்பான உடல்வெப்பமே 38 முதல் 39 டிகிரி. நமக்குக் காய்ச்சல் என்று படுக்கும் அளவு. வியர்வைச் சுரப்பி பாதங்களில்தான் பெரிதும் உண்டு. ஆகவே வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் தணிக்கும். அதிலும் லேப்ரடார் என்பது வட அட்லாண்டிக்கில், நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு உறைநீரில் நீந்திய நாய்களின் வழிவந்தது. உடம்பில் இரட்டை மயிர்ப்போர்வை. அப்பேர்ப்பட்ட பிராணிக்கு ஓசூரின் பதினைந்து டிகிரி குளிர் தாங்காதென்று அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார். அது முதுகில் ஏறியதும் நாய் அசையாமல் நின்றுவிடுகிறது. குளிர் போய்விட்டது, அதான் நிதானமாக நிற்கிறது என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு.

இந்த வட்டாரத்துக்கு ஏற்ற நாய்கள் இல்லாமலில்லை. ஒரு பக்கம் கர்நாடகத்தின் முதோல், மறுபக்கம் தமிழ்நாட்டின் ராஜபாளையம்; இரண்டுக்குமே அஞ்சல் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் இருக்கின்றன. குட்டை மயிரும் ஒல்லி உடம்புமான முதோலும் சிப்பிப்பாறையும்தான் உண்மையில் குளிருக்கு நடுங்கக்கூடியவை. அவற்றை வெயிலுக்குக் கூட்டிப்போவதில் நியாயம் உண்டு. ஆனால் ஓசூர்க் குடியிருப்புகளில் லேப்ரடாரே பெருவழக்கு. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளை குட்டியாக வாங்கி, ஆறு மாதம் வளர்த்து, அது பெரிதானதும் பெற்றோரிடம் கொண்டுவந்து விட்டுப் போவது இந்த வழக்கத்தின் வேர். இதுவும் ஒரு வலசைதான், ஒருவழி வலசை.

மூட்டுத் தேய்மானத்தில் மட்டும் லேப்ரடார் மனிதரோடு போட்டி போடும். கனத்த உடம்பு, களியும் கோழிக்கறியும் சேர்ந்த சாப்பாடு. குளிர்காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் விறைத்துக்கொள்கிறது. ஆகவே, யாருடைய முழங்காலுக்காக இந்தப் பயணம் என்ற கேள்வியை அய்யாவிடம் கேட்டால் அம்மாவைக் காட்டுகிறார். அம்மாவைக் கேட்டால் அய்யாவைக் காட்டுகிறார். பெட்டியில் முதலில் போகும் மருந்து நாயினுடையது.

ஊர்தி இயல்

நாயோடு ரயிலில் போக இந்திய ரயில்வே இடம் தருகிறது. முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுதாகப் பதிவு செய்துகொண்டால் நாய் கூட வரலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் நாய்க்கென்று உள்ள கூண்டில் போக வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி கிடையாது. எப்படியானாலும் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். விதிப்படி நாய் ஒரு சுமை. இந்திரனைவிட ரயில்வே தாராளம் என்று பாராட்டலாம். மாதிரித் தம்பதிக்கு அந்தத் தாராளத்தால் பயனில்லை. கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. திருப்பத்தூரிலிருந்து 1905-ல் ஒரு குறும்பாதை வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். அன்று முதல் தேர்தலுக்குத் தேர்தல் அது திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

பேருந்தில் முப்பத்தெட்டு கிலோ லேப்ரடாரை ஏற்ற முயல்பவர்கள் நடத்துநரின் மொழிவளத்தை அறிவார்கள். அதற்கு மேல் எழுத இங்கே இடமில்லை. மீதமுள்ளது டிவிஎஸ் எக்ஸ்எல். நெல் மூட்டையும் காலி கேஸ் சிலிண்டரும் ஆடும் நின்று போகும் அதன் கால்மிதிப் பலகையில் நாயும் நின்று போகும்; கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாலைகளில் தினசரிக் காட்சி. ஆனால் நெடுஞ்சாலையில், மேலுமலை இறக்கத்தில், லாரிகளுக்கு நடுவே அது ஆகாது. எனவே மகன் காரோடு வர வேண்டும். மகன் வரக்கூடிய ஞாயிறுதான் பயணநாள். பஞ்சாங்கம் பார்ப்பது அதற்குப் பிறகு, அந்த ஞாயிறு நல்லநாள்தான் என்று உறுதி செய்துகொள்ள.

கனடா முதியவர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் வரித்துறை எட்டிப் பார்க்கும். ஒண்டாரியோக்காரர் ஆண்டில் 153 நாளாவது சொந்த மாகாணத்தில் இருந்தால்தான் மருத்துவக் காப்பீடு நிலைக்கும். 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் நாய்க்கு ஆறு மாத வயது நிரம்பியிருக்க வேண்டும், தோலுக்கடியில் சிப் இருக்க வேண்டும், அதற்கென்று ஒரு படிவமும் வேண்டும். நம் நாய்க்குக் கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியில் கட்டணம்கூட இல்லை. ஜன்னலில் தலையை நீட்டி, பணம் போவதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

இடையூறு வேறு வகையில் வரும். 2023 பிப்ரவரி 2 அன்று எருதுவிடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று கோபசந்திரத்தில் திரண்டவர்கள் இதே நெடுஞ்சாலையை மறித்தார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் காரில் நாய் இருந்தால் தண்ணீர்ப் பாட்டிலும் கிண்ணமும் கையில் வேண்டும். மனிதர்கள் காத்திருப்பார்கள். நாயின் சிறுநீர்ப்பைக்குப் போராட்ட நியாயம் புரியாது.

எதிர்த்திசையில் வருவோர்

தம்பதி ஓசூரை விட்டு இறங்கும் அதே பருவத்தில் வேறு குடும்பங்கள் ஓசூருக்கு வந்து சேர்கின்றன. அக்டோபர் வாக்கில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை வருகின்றன. காரணம் ராகி. மானாவாரியில் விதைத்த ராகி அப்போதுதான் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும். இந்தக் காடுகளில் ஒரு பகுதியை 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். யானைகள் அறிவிப்புக்குக் காத்திருந்தவை அல்ல. தலைமுறைகளாக அதே தடம். வனத்துறையினர் இரவெல்லாம் விழித்து, சானமாவுப் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திக் கூட்டத்தைக் கடக்க விடுவதும் உண்டு. ராகி போனவர்கள் மறுநாள் நிலத்தில் நின்று, இழப்பீட்டுக்கு மனு எழுத ஆள் தேடுகிறார்கள்.

ஒப்பீட்டு வலசையியல் இங்கேதான் சூடு பிடிக்கிறது. யானைக்கூட்டத்தை நடத்துவது மூத்த பெண். மாதிரிக் குடும்பத்திலும் அப்படியே என்பதை அய்யா மறுக்கவில்லை. யானை ராகியைத் தேடி மேலே வருகிறது. அய்யா ராகி மாவைப் பையில் கட்டிக்கொண்டு கீழே போகிறார், நாய்க்குக் காலையில் களி வேண்டும் என்பதால். கோடைக்கு முன் கூட்டங்கள் காட்டுக்குத் திரும்பும். தம்பதியும் மாசியில் ஓசூர் திரும்பும். ஒன்றில் மட்டும் வேறுபாடு: யானை வழித்தடத்தின் மேல் சாலையும் ஆலையும் மனைப்பிரிவும் எழுந்துவிட்டன. ஓய்வுபெற்றோரின் வழித்தடத்தை ஆறுவழியாக்கிவிட்டார்கள்.

தங்குமிடத்தில் ஒரு நாள்

ஓசூரில் நாயின் காலைநடை, பனிமூட்டத்தில், கம்பெனிப் பேருந்துகளின் விளக்கு வெளிச்சத்தில் ஐந்தரைக்கு நடக்கும். காவேரிப்பட்டணத்தில் ஆறரை. அந்த ஒரு மணி நேரத் தூக்கமே வலசையின் நிகர லாபம் என்று அய்யா மதிப்பிடுகிறார்.

நடை தொடங்கியதும் பிரச்சினை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஜூஜூவாடி உட்பட எல்லையோர வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. தெருநாய்களின் சோதனைச்சாவடிகள் மூடப்படவில்லை. தெருவுக்கு ஒன்று உண்டு. டீக்கடை முனையில் இரண்டு. ஓசூரிலிருந்து வந்த கொழுத்த வெளியூர்க்காரனை முகர்ந்து, சுற்றிவந்து, நீண்ட விசாரணைக்குப் பிறகே உள்ளே விடுகிறார்கள். முதல் வாரம் அய்யா கையில் குச்சி. இரண்டாம் வாரம் குச்சிக்குப் பதில் பிஸ்கட் பொட்டலம். மூன்றாம் வாரத்தில் ஐந்து நாய்கள் பின்தொடர அய்யா நடக்கிறார். பைரவர் கோயில் பூசாரியோ என்று புதியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

எட்டு மணிக்குத் திண்ணையில் வெயில் விழும். முதலில் நாய் போய்ப் படுக்கும். அதன் பக்கத்தில் அம்மா முறத்தோடு உட்கார்ந்து, ஓசூரிலிருந்து மகன் கொண்டுவந்து போட்ட அவரைக்காயை உரித்து, ஊறவைத்த கொட்டையைப் பிதுக்குவார். மார்கழியும் தையும் அவரைக்குப் பருவம். பிதுக்கம் பருப்புக் குழம்பு இல்லாத வீடு இந்த வட்டாரத்தில் அபூர்வம். அய்யா செய்தித்தாளோடு நாற்காலியை இழுத்துப் போடுவார். வெயில் நகர நாய் நகரும், நாய் நகர முறம் நகரும், கடைசியாக நாற்காலி. பதினொரு மணிக்கு நாய் சலித்துப்போய் நிழலுக்கு எழுந்து போகும். உடனே இருவரும், “வெயில் ஏறிடுச்சு, உள்ள போலாமா?” “போலாங்க” என்று எழுந்துகொள்வார்கள். இவ்வுரையாடல் ஒருநாள்கூட நாய்க்கு முன்பாக நடந்ததில்லை. கருதுகோளுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமென்பவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.

மாலையில் பேரன் காணொளியில் வருவான். முதல் கேள்வி நாயைப் பற்றி. இரண்டாவது கேள்வியும். பிறகு இணைப்பு அறுந்துவிடும்.

பொங்கலில் மட்டும் ஒழுங்கு குலைகிறது. நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மனிதருக்கு 20,000-தான் எல்லை. எருதுவிடும் விழாவின் பறையும் ஒலிபெருக்கியும் வெடியும் அதற்கு எப்படிக் கேட்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். அன்று அது கட்டிலுக்கடியில். தெருவே மைதானத்தில் இருக்கும்போது அய்யா வீட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், முழங்காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இளமையில் காளை பிடித்தவர் என்று ஊரில் பேர்.

திரும்பும் நாளும் நாய் குறிப்பதே. மாசியில் மாம்பூ உதிர்ந்து பிஞ்சு தெரியும் வேளையில் கிருஷ்ணகிரி வெயில் உறைக்கத் தொடங்கும். நாய் சிமெண்டுத் தரையை விட்டுக் குளியலறையின் ஈரத்தில் போய்ப் படுக்கும். ஒரே வாரத்தில் மகனுக்குத் தொலைபேசி போகும். தோத்தாபுரி பழுக்கும்வரை இருந்துவிட்டு வரலாமென்று அம்மாவுக்கு ஆசை. தன் பிறந்த ஊரில் மாம்பழக் காலத்தைப் பார்த்தே பல ஆண்டாகிறது. அந்த ஆசை இன்னும் நிறைவேறவில்லை. இந்த ஆய்வில் கிடைத்த ஒரே உண்மையான துயரம் இது.

ஆய்வின் நடைமுறைப் பயன் என்ன என்று நெறியாளர்கள் கேட்பது வழக்கம். பயன் இதுதான்: அம்மாவின் தம்பி இவர்கள் தங்கிவந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார், வரும் மார்கழிக்கு மாதிரித் தம்பதிக்கு வேறு வீடு வேண்டும். காவேரிப்பட்டணத்திலோ கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலோ, தரைத்தளத்தில், கிழக்குப் பார்த்த திண்ணையும் சுற்றுச்சுவருமாக வீடு வைத்திருப்பவர்கள் கார்த்திகைக்குள் சொல்லியனுப்பலாம். மூன்று மாத வாடகை முன்பணமாகவே தருவார்கள். மூவரும் சைவமா என்று மட்டும் கேட்க வேண்டாம்.